ஸீடெக்கில் கோத்த தமிழ் ரசீது 24 பின் பிரிண்டரில் சிதைந்து வருகிறது: வழி சொல்லுங்கள்

#1 நெல்மணி (தஞ்சாவூர் மாவட்டம்)

வணக்கம். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். உரக்கடன் ரசீதுகளை இத்தனை காலமும் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது உறுப்பினர் பெயர், சர்வே எண், அசல், வட்டி, தொகை எழுத்தால் என அத்தனையும் தானாக நிரம்பும்படி ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு வார்ப்பு (டெம்ப்ளேட்) செய்து வைத்திருக்கிறேன். திரையில் பார்க்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிரிண்டரில்தான் எல்லாம் கெடுகிறது.

லேசர் பிரிண்டர் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். ஒரே அடியில் மூன்று பிரதி வேண்டும்: உறுப்பினருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று. மூன்று பிரதியிலும் ஒரே எண், ஒரே எழுத்து இருக்க வேண்டும். ஊசி அடிக்கிற பிரிண்டரைத் தவிர வேறு எதிலும் அது நடக்காது. எங்களிடம் இருப்பது 80 காலம் (வரிக்கு 80 எழுத்து), 24 பின் (ஊசி). காகிதம் 10 அங்குல அகலம், ஒவ்வொரு ரசீதும் 6 அங்குல உயரம், இரு பக்கமும் துளை, கார்பன் இல்லாத மூன்றடுக்கு.

சிக்கல் மூன்று. எழுத்துகள் மங்கலாக, ஒரே எழுத்து ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் விழுகின்றன. ரசீதுகள் தொடர்ந்து அடித்தால் தலைப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கிழிக்கும் கோட்டைத் தாண்டி முந்தைய ரசீதின் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாவது, எப்போதாவது ஒரு ரசீதில் பாதிக்கு மேல் எழுத்துகள் உடைந்து, ஓரத்தில் குப்பை எழுத்துகள் விழுகின்றன. அது எந்த ரசீதில் வரும் என்று சொல்லவே முடிவதில்லை.

பிரிண்டர் விற்றவர் ஹெட் (ஊசிகள் உள்ள அச்சுத்தலை) போய்விட்டது என்கிறார். மென்பொருள் செய்து கொடுத்தவர் பிரிண்டரைக் கை காட்டுகிறார்.

#2 அச்சுமேடை (சிவகாசி)

ஹெட்டை மாற்றிவிடாதீர்கள் ஐயா. பிரிண்டரின் சொந்த எழுத்துருவில் சுய சோதனை அடித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று வந்தால் ஊசிகள் நலமாக இருக்கின்றன என்று பொருள். நீங்கள் சொன்ன மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எழுத்து. ஸீடெக்குக்கு அடிப்படையான டெக் தன் கணக்கை ஒரு பாயின்ட்டில் (எழுத்தளவின் அலகு) 65,536இல் ஒரு பங்கு வரை நுணுக்கமாகப் போடுகிறது. உங்கள் பிரிண்டருக்குத் தெரிந்ததோ அங்குலத்துக்கு 180 புள்ளிகள்தான். அந்த நுணுக்கம் 180 என்ற கட்டத்துக்குள் எங்கே, எத்தனை தடவை மாற்றப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே தடவை, நேராக 180க்கு மாற்றினால் எழுத்து நன்றாக வரும். முதலில் 300க்கோ 600க்கோ படமாக்கி, பிறகு பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கி, பிறகு 180க்குக் கொண்டுவந்தால் நீங்கள் சொல்லும் அலங்கோலம்தான் வரும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரே வரியில் வரும் நாலைந்து ‘ப’ எழுத்துகளின் நேர்க்கோடுகளைப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு இரண்டு புள்ளி அகலம், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் மறுபடி இரண்டு என்று இருந்தால் நடுவில் யாரோ பக்கத்தைச் சுருக்குகிறார்கள். கோட்டின் ஓரத்தில் புள்ளிகள் தனித்தனியாகத் தூவினாற்போல் கிடந்தால், கறுப்பைச் சாம்பல் நிறமாகக் கருதி நிறத்தைக் கலக்கிக் கொடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: பிடிஎஃப் கோப்பை, அதைப் பிரிண்டரின் புள்ளிகளாக மாற்றித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலிடம் நேராகக் கொடுங்கள். 24 பின் பிரிண்டருக்கு அதில் ‘எல்க்யூ850’ என்றும் ‘எப்சன்’ என்றும் சாதனங்கள் (பிரிண்டர் வகைத் தெரிவுகள்) உண்டு. தெளிவுத்திறனை எப்போதும் இரண்டு எண்களாகவே எழுதுங்கள்: கிடைக்கு 180, நெடுக்கு 180. ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி எங்கே தென்பட்டாலும் அணைத்துவிடுங்கள். நிறம் தூய கறுப்பாக இருக்க வேண்டும்; அடர்நீலத் தலைப்பு, சாம்பல் கட்டம் எதுவும் கூடாது. காகிதத்தை வீணாக்காமல் பார்க்க, அதே தெளிவுத்திறனில், கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள (ஒற்றை பிட்) பிபிஎம் படமாக எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசி எங்கே அடிக்கும், எங்கே அடிக்காது என்று ஒவ்வொரு புள்ளியும் அதில் தெரியும்.

#3 பழைய டிவிஐ (கோயம்புத்தூர்)

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அச்சுமேடை சொன்னதில் ஒன்றைக் கூடுதலாக விளக்குகிறேன்.

டெக் வந்த தொடக்கத்தில் அது பிடிஎஃப் தரவில்லை. டிவிஐ என்ற கோப்பைத் தந்தது. எந்த எழுத்து, எந்த இடத்தில் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். எழுத்தின் வடிவம் இருக்காது. வடிவத்தைத் தருவது, டெக்கைப் படைத்த டொனால்டு கனூத்தே செய்த மெட்டாஃபான்ட் என்ற நிரல். அதன் அருமை என்னவென்றால், எந்தப் பிரிண்டருக்கு என்று சொன்னால் அந்தப் பிரிண்டருக்காகவே எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து தரும். 9 பின் எப்சனுக்கு 240க்கு 216 என்ற முறை. 24 பின்னுக்கு 180க்கு 180, 360க்கு 180, 360க்கு 360 என்ற முறைகள். கிடையும் நெடுக்கும் வேறு வேறாக இருந்தால் அந்த விகிதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மை எவ்வளவு பரவும், மூலைக்கோடுகள் எவ்வளவு நிரம்பிப்போகும் என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் திருத்த எண்கள் உண்டு.

டாஸ், ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளங்களில் எபர்ஹார்ட் மாட்டெஸ் செய்த எம்டெக் என்ற டெக் பதிப்பு இருந்தது. அதனோடு ‘டிவிடாட்’ என்ற அச்சு நிரலும் வரும். பிரிண்டரின் கட்டளைகளைத் தனிக் கோப்பில் எழுதிக்கொடுத்தால் போதும். எந்த டாட் மேட்ரிக்ஸுக்கும் அடிக்கும். தமிழுக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபான்ட்டில் ஓர் எழுத்துரு செய்திருந்தார். இன்றும் டெக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. யுனிகோட் நம் மேசைக்கு வருமுன்பே, சாதாரண ஊசிப் பிரிண்டரில் தமிழைக் கணக்கோடு கோத்து அடிக்க முடிந்தது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்துகளை இடம் பொருத்துவதிலும் டிவிஐ நிரல்கள் கவனமாக இருந்தன. ஒரு சொல்லுக்குள் ஒவ்வொரு எழுத்தையும் முழுப் புள்ளியில் நிறுத்தி, உண்மையான இடத்துக்கும் நிறுத்திய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு புள்ளியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் சொல்லுக்குள் இடைவெளி சீராக இருந்தது. இப்போது பிடிஎஃப்பிலிருந்து மாற்றும்போது ஒவ்வொரு எழுத்தும் தன் போக்கில் அருகிலுள்ள புள்ளிக்குத் தாவுகிறது. ‘கடன்’ என்ற சொல்லில் க-வும் ட-வும் ஒட்டிக்கொள்ள, ன் மட்டும் தள்ளி நிற்பதை நெல்மணி பார்த்திருப்பார்.

#4 மின்சுவடி (சென்னை)

பழைய டிவிஐ ஐயாவின் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் நெல்மணிக்கு அந்த வழி இன்று பயன்படாது. அவருடைய உறுப்பினர் பட்டியல் யுனிகோடில் இருக்கிறது. ரிட்ஜ்வேயின் எழுத்துருவுக்கு உள்ளீட்டை வேறு முறையில் மாற்றித் தர வேண்டும். கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றி வரும் வேலையை இப்போது ஸீடெக் தானே செய்கிறது. அதை விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டியதில்லை.

எழுத்துருவைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் பாதிக் குறை போய்விடும். 24 பின் ஹெட்டில் ஊசியின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இரண்டு புள்ளிகளுக்கு இடையேயான தூரமோ அங்குலத்தில் 180இல் ஒரு பங்கு, அதாவது 0.14 மில்லிமீட்டர். ஆகவே புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் விழுகின்றன. ஒரு புள்ளி அகலமுள்ள வெள்ளை இடம் காகிதத்தில் ஏறக்குறைய மூடிவிடும். ‘ண’வின் சுழிகளையும் ‘ஞ’வின் உள்வளைவையும் 10 பாயின்ட் அளவில் வரைந்தால் எழுத்தின் முழு உயரத்துக்கே 25 வரிசைதான் கிடைக்கும். அதற்குள் சுழியின் உள்வெளி ஒன்றிரண்டு புள்ளிகளாகச் சுருங்கி, மூன்றாம் பிரதியில் கறுப்புப் பொட்டாகிவிடும்.

அதனால் 12 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். கோடு சீரான தடிமனில் உள்ள எழுத்துரு வேண்டும்; நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் போல. தடித்தும் மெலிந்தும் வளையும் புத்தக எழுத்துரு இங்கே ஆகாது. மெல்லிய பகுதி ஒரு புள்ளியாகி விட்டுவிட்டுத் தெரியும். தடித்த எழுத்தும் வேண்டாம்.

360க்குப் போகவும் சொல்ல மாட்டேன். கிடைக்கு 360 வைத்தால் அந்த முறையில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை ஒரே ஓட்டத்தில் ஊசி அடிக்காது. நேரம் கூடும், ஹெட் சூடேறும், ஊசியின் விட்டமோ அதே 0.2தான். சுழி கூடுதலாகத் திறந்துவிடாது.

#5 நெல்மணி

நீங்கள் சொன்னபடி பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அச்சுமேடை எழுதியது அப்படியே இருந்தது: ‘உறுப்பினர்’ என்ற ஒரே சொல்லில் ‘ப்’-பின் இடக்கோடு மூன்று புள்ளி, வலக்கோடு இரண்டு. பிறகு நேராக 180க்கு 180 கொடுத்து அடித்தேன். நம்பவே முடியவில்லை, அதே பிரிண்டர், அதே ரிப்பன். எழுத்து 12 பாயின்ட் வைத்த பிறகு மூன்றாம் பிரதியும் படிக்க முடிகிறது.

ஆனால் ரசீது மேலேறுவது நிற்கவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ரசீதுக்கும் 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இன்னொன்று: கட்டத்தின் கோடுகளில் சில தடிமனாகவும் சில மெல்லியதாகவும் இருக்கின்றன.

#6 அச்சுமேடை

மாறாத அளவில் நகர்கிறது என்றால் அது காகிதம் வழுக்குவதால் வருவதில்லை, கணக்கில் பிழை. உங்கள் ரசீது 6 அங்குலம், அதாவது 152.4 மில்லிமீட்டர். படுக்கவைத்த ஏ5 தாளின் உயரம் 148. வித்தியாசம் 4.4. உங்கள் வார்ப்பிலோ கணினியின் அச்சு அமைப்பிலோ தாள் அளவு ஏ5 என்று இருக்கிறது, பாருங்கள். ஏ5இன் 210 மில்லிமீட்டர் அகலத்தைப் பிரிண்டரின் 8 அங்குல அச்சு அகலத்துக்குள் அடக்கத்தான் முன்பு பக்கம் சுருக்கப்பட்டிருக்கும். இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றுதான்.

வார்ப்பில் தாளின் அகலம் 8 அங்குலம், உயரம் 6 அங்குலம் என்று, தாள் அளவைக் குறிக்கும் ஜியோமெட்ரி தொகுப்பில் எழுதுங்கள். 180ஆல் பெருக்கினால் 1440க்கு 1080 புள்ளி. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கும் அதையே கொடுங்கள். 24 ஊசி ஓர் ஓட்டத்தில் 24 வரிசை அடிக்கும். அதுதான் ஒரு பட்டை. 1080ஐ 24ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 45 பட்டை. உங்கள் தாள் அளவு இந்த வகையில் அதிர்ஷ்டமானது. 11 அங்குலத் தாளாக இருந்தால் 82.5 பட்டை வரும். பட்டைக் கணக்கை நம்பித் தாளைத் தள்ளுகிற நிரலாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரைப்பட்டை நகரும்.

பிரிண்டருக்கும் தாளின் நீளத்தைச் சொல்ல வேண்டும். எப்சன் கட்டளை முறையில் 27, 67, 0, 6 என்ற நான்கு பைட்டுகள்: தாள் நீளம் 6 அங்குலம். காகிதம் சரியாகத் தலைவரியில் நிற்கும்போது மட்டும் இதை அனுப்புங்கள். கட்டளை வரும்போது காகிதம் எங்கே நிற்கிறதோ அதையே தாளின் தலை என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். துளைக்கோட்டைத் தாண்டிக் குதிக்கும் அமைப்பு இருந்தால் 27, 79 அனுப்பி நீக்குங்கள். இல்லாவிட்டால் கட்டத்தின் நடுவே ஓர் அங்குல வெள்ளை விழும்.

ஒரு எச்சரிக்கை. 45 பட்டையும் அடித்து, 45 தடவையும் தாளைத் தள்ளினால் காகிதம் மிகச்சரியாக அடுத்த ரசீதின் தலையில் வந்து நிற்கும். அதன் பிறகு பழக்கத்தில் ‘அடுத்த பக்கம்’ என்ற 12ஆம் பைட்டை அனுப்பினால் ஒரு வெற்று ரசீது வெளியே போகும். எண்ணிடப்பட்ட ரசீது என்றால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைசிப் பட்டைக்குப் பிறகு தள்ளுவதை விட்டுவிட்டு, 12ஐ மட்டும் அனுப்புங்கள்.

கோடுகளுக்கு வருகிறேன். உங்கள் வார்ப்புக்கு அடித்தளமான லேடெக்கின் வழக்கமான கோடு 0.4 பாயின்ட். 180இல் அது ஏறக்குறைய ஒரே ஓர் ஊசி. கோடு விழும் இடம் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் அமைந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டையும் அடிக்கச் சொல்லும். அதனால்தான் ஒன்று மெல்லியது, இன்னொன்று தடித்தது. கோட்டைக் கட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். வரி இடைவெளியை அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வையுங்கள். சரியாக 30 ஊசி வரிசை. அப்போது ஒவ்வொரு வரியும் கட்டத்தில் ஒரே நிலையில் வந்து விழும். முதல் வரியின் ‘ரூபாய்’ எப்படியோ பத்தாம் வரியின் ‘ரூபாய்’யும் அப்படியே இருக்கும். கட்டத்தின் எல்லா அளவுகளையும் 180இல் ஒரு பங்கின் மடங்குகளாகவே எழுதுங்கள்.

#7 பழைய டிவிஐ

இதைத்தான் சொல்ல வந்தேன். 30 ஊசிக்கு ஒரு வரி என்பது தட்டச்சுப்பொறி காலத்திலிருந்து வரும் அங்குலத்துக்கு ஆறு வரிக் கணக்கு. அச்சிட்ட படிவங்களும் அந்த அளவில்தான் கோடு போட்டிருக்கும். மின்சுவடி அவர்களின் பதிலை ஏற்கிறேன். யுனிகோடை விட்டுவிட்டு யாரும் பின்னால் போக வேண்டாம். ஆனால் எழுத்தைச் சாதனத்தின் கட்டத்துக்கு ஏற்ப அமைப்பது என்ற எண்ணம் பழையதாகிவிடவில்லை. அச்சுமேடை இப்போது கையால் செய்யச் சொல்வது அதைத்தான்.

#8 லாரிப்பேட்டை (நாமக்கல்)

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது 9 பின் பிரிண்டர், 80 காலம். லாரி ரசீது நான்கு பிரதி. 9 பின்னிலும் 240க்கு 216 வரை போகலாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது 180ஐ விட அதிகம்தானே? அப்படியென்றால் எங்கள் தமிழ் அவர்களுடையதைவிட நன்றாக வர வேண்டும். ஏன் வரவில்லை?

#9 மின்சுவடி

நல்ல கேள்வி அண்ணா. எண் பெரிது, ஊசியும் பெரிது. 9 பின் ஹெட்டில் ஊசிகள் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் 0.3 மில்லிமீட்டர். 216 என்ற எண்ணிக்கை எப்படிக் கிடைக்கிறது? படம் அடிக்கும்போது எட்டு ஊசிகளைப் பயன்படுத்தி ஒரு முறை ஓடும். காகிதத்தை 216இல் ஒரு பங்கு மட்டும் நகர்த்தி மறுபடி ஓடும். இன்னும் ஒரு பங்கு நகர்த்தி மூன்றாம் முறை ஓடும். பிறகு 22 பங்கு நகர்த்தும். 1, 1, 22. மொத்தம் 24 பங்கு, ஒரு பட்டை முடிந்தது. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் ‘எப்ஸ்9ஹை’ என்ற சாதனம் இதைத்தான் செய்கிறது.

கிடையில் 240இலும் இதே கதை. அடுத்தடுத்த புள்ளிகளை ஒரே ஓட்டத்தில் அடிக்காது. முழு அடர்த்தி வேண்டுமென்றால் ஒவ்வொரு ஓட்டத்தையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆக ஒரு பட்டைக்கு ஆறு ஓட்டம். இத்தனையும் செய்து, 0.12 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி 0.3 மில்லிமீட்டர் ஊசியால் அடித்தால் விளிம்புகள் வழவழப்பாகும், சுழி திறக்காது. வளைந்த கோடு அழகாக வரும், ‘ண’வின் உள்ளே வெள்ளை மிஞ்சாது. 9 பின்னில் தமிழை 14 பாயின்ட்டுக்குக் குறைத்து அடிக்காதீர்கள்.

#10 அச்சுமேடை

லாரிப்பேட்டை அண்ணனுக்கு நான் வேறு வழி சொல்வேன். நான்கு பிரதி, வரிசையில் டிரைவர்கள் நிற்கிறார்கள். ஒரு ரசீதுக்கு ஹெட் இத்தனை முறை ஓடிக்கொண்டிருந்தால் தாங்காது. தமிழில் உள்ள தலைப்பு, விதிமுறைகள், கட்டம் எல்லாவற்றையும் ஆஃப்செட்டில் முன்கூட்டியே அச்சிட்டு வாங்கிவிடுங்கள். எண், எடை, வாடகை, வண்டி எண் ஆகியவற்றை மட்டும் பிரிண்டரின் சொந்த எழுத்தில் அடியுங்கள். சொந்த எழுத்தின் வேகமுறையில் (டிராஃப்ட்) ஒரு வரிக்கு ஒரே ஓட்டம். இடத்தைப் பிடிக்க 27, 36 என்ற கட்டளை இருக்கிறது. இடது ஓரத்திலிருந்து அங்குலத்தில் 60இல் ஒரு பங்கின் மடங்காக எங்கே வேண்டுமோ அங்கே ஹெட்டை நிறுத்தலாம்.

#11 மின்சுவடி

இதில் நான் மாறுபடுகிறேன். சரக்கு அனுப்புபவரின் பெயரும் ஊரும் தமிழில் வர வேண்டாமா? எண்கள் மட்டும்தான் மாறும் என்றால் முன்னச்சு சரி. பெயரை ஆங்கிலத்தில் அடித்துவிட்டுச் சுற்றிலும் தமிழ் அச்சிட்ட படிவம் வைப்பது பெயருக்குத்தான் தமிழ். நம் மக்கள் கையெழுத்திடும் தாளில் அவரவர் பெயர் அவரவர் எழுத்தில் இருக்க வேண்டும். பெயர், ஊர் என்ற இரண்டு வரிகளை மட்டும் படமாக அனுப்பலாம். மற்றவை பிரிண்டரின் எழுத்தில் போகட்டும். ஒரே தாளில் இரண்டையும் கலக்க எந்தத் தடையும் இல்லை. எழுத்தாகச் சில வரி, நடுவில் ஒரு படப்பட்டை, மறுபடி எழுத்து என்று பிரிண்டர் ஏற்றுக்கொள்ளும்.

#12 லாரிப்பேட்டை

கலந்து அடிப்பதே எங்களுக்குப் பொருந்தும் என்று படுகிறது. பெயர் இரண்டு வரி, 14 பாயின்ட். முன்னச்சுப் படிவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

#13 நெல்மணி

ஏ5தான்! கணினியின் அச்சு அமைப்பில் யாரோ அப்படி வைத்திருந்தார்கள். மாற்றிவிட்டேன். ஒரு கட்டு முழுவதும் அடித்துப் பார்த்தேன். தலைப்பு கடைசி வரை அசையவில்லை. வரியையும் 30 ஊசிக்கு மாற்றினேன், கோடுகள் ஒரே மாதிரி வருகின்றன.

இனி குப்பை எழுத்து ஒன்றுதான் பாக்கி. இது எனக்குப் புரியவே இல்லை. ஒரே உறுப்பினரின் ரசீதை எத்தனை முறை அடித்தாலும் அதே இடத்தில் உடைகிறது. பெயரில் ஓர் எழுத்து மாற்றினால் சரியாகிவிடுகிறது. உடையும் இடத்திலிருந்து வலப்பக்கம் முழுவதும் எழுத்துகளின் மேல்பாகம் இறங்கி நடுவில் விழுகிறது. எங்கள் பிடிஎஃப் தயாராவது லினக்ஸில். கவுன்டரில் இருப்பது விண்டோஸ். கவுன்டரில் உள்ள சிறு நிரல் கோப்பை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்புகிறது.

#14 பழைய டிவிஐ

‘மேல்பாகம் இறங்கி நடுவில் விழுகிறது’ என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். நோய் பிடிபட்டுவிட்டது.

24 பின்னில் ஒரு நெடுவரிசைக்கு மூன்று பைட்டுகள். முதல் பைட் மேல் எட்டு ஊசிக்கு, இரண்டாவது நடு எட்டுக்கு, மூன்றாவது கீழ் எட்டுக்கு. ஒரு பட்டையின் தொடக்கத்தில் 27, 42, 39, 160, 5 என்று போகும். 39 என்பது 180 அடர்த்தி. 5ஐ 256ஆல் பெருக்கி 160ஐக் கூட்டினால் 1440 நெடுவரிசை. ஆக அதன்பின் வரும் 4,320 பைட்டுகளையும் பிரிண்டர் படமாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குள் என்ன எண் வந்தாலும் கட்டளையாகக் கருதாது, எண்ணிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஓர் எழுத்தின் வளைவில், எட்டு ஊசிகளில் மேலிருந்து ஐந்தாவதும் ஏழாவதும் மட்டும் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பைட்டின் மதிப்பு 10. உரைக்கோப்பில் 10 என்றால் புதிய வரி. விண்டோஸில் ஒரு நிரல் கோப்பை உரை முறையில் திறந்து எழுதினால் 10ஐக் காணும் இடத்திலெல்லாம் அதற்கு முன்னால் 13ஐச் சேர்த்துவிடும். ஒரு பைட் கூடிவிட்டது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பைட்டும் ஓரிடம் தள்ளிப்போகிறது: மேல் எட்டுக்கு உரியது நடுவுக்கு, நடுவுக்கு உரியது கீழே, கீழே போக வேண்டியது அடுத்த நெடுவரிசையின் மேலே. நீங்கள் கண்டது அதுதான். பிரிண்டர் 4,320 எண்ணி முடித்ததும் மிஞ்சி நிற்கும் பைட்டுகளை எழுத்து என்று நினைத்து அடித்துவிடுகிறது. வலது ஓரம் வெற்றிடமாக இருந்தால் மிஞ்சுவது சுழியங்கள், கண்ணில் படாது. உங்கள் கட்டத்தின் கோடு வலது ஓரம் வரை வருகிறது, அதனால் குப்பை தெரிகிறது.

26இன் கதை இன்னும் மோசம். டாஸ் காலத்திலிருந்து 26 என்றால் கோப்பு முடிந்தது. உரை முறையில் படிக்கும் நிரல் 26ஐப் பார்த்ததும் அங்கேயே நிறுத்திவிடும். பாதிப் பட்டையோடு பிரிண்டர் காத்துக்கொண்டிருக்கும். அடுத்த ரசீதை அனுப்பினால் அதன் தொடக்கக் கட்டளைகளையே படமாக விழுங்கும். டாஸில் நாங்கள் காப்பி கட்டளைக்கு /பி (பைனரியாக எடுத்துக்கொள்) சேர்த்தது இதற்காகத்தான்.

எந்தப் பெயரின் எந்த வளைவு எந்த ஊசியில் விழுகிறது என்பதைப் பொறுத்தே இது நடக்கும். அதனால்தான் ஓர் எழுத்தை மாற்றியதும் சரியாகிறது. ஹெட்டிலும் கேபிளிலும் குறை ஒன்றும் இல்லை.

#15 அச்சுமேடை

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. கவுன்டர் நிரலை எழுதியவரிடம் கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும், பைட்டுகளை மாற்றாத பைனரி முறையில் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிதான் தீரும். அதுவரை, பிரிண்டரைப் பகிர்ந்து வைத்து, காப்பி கட்டளையோடு /பி சேர்த்து நேராக அனுப்பிப் பாருங்கள். லினக்ஸிலிருந்தே அனுப்பினால் எல்பி என்ற அச்சுக் கட்டளையில் ‘ரா’ (மாற்றாமல் அனுப்பு) என்ற தெரிவைக் கொடுங்கள். நடுவில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

#16 நெல்மணி

நிரல் எழுதியவரைக் கூப்பிட்டு இந்த விளக்கத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு வரிகளைத் திருத்தினார். உடைந்து வந்த பெயர்களையெல்லாம் தேடி எடுத்து அடித்தோம், ஒன்றுகூட உடையவில்லை. ஹெட்டுக்குக் கேட்ட பணம் சங்கத்துக்கு மிச்சம்.

கண்ணை உறுத்துவது ஒன்றே ஒன்று. கட்டத்தின் நெடுக்குக்கோடு பட்டைக்குப் பட்டை இம்மியளவு இடதும் வலதும் விலகி நிற்கிறது.

#17 அச்சுமேடை

ஹெட் போகும்போது ஒரு பட்டை, திரும்பும்போது ஒரு பட்டை அடிக்கிறது. இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் ஊசி விழுவதில்லை. 27, 85, 1 என்று தொடக்கத்தில் அனுப்புங்கள். ஒரே திசையில் மட்டும் அடிக்கும். கோடு நேராக நிற்கும், ரசீதுக்கு ஆகும் நேரம் கூடும். நேரம் முக்கியம் என்றால் அதை விட்டுவிட்டு, பிரிண்டரின் அமைப்புப் பட்டியலில் இருதிசைச் சீரமைப்பு என்ற சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். மூன்றடுக்குக் காகிதத்துக்கு ஏற்ப தடிமன் நெம்பை நகர்த்தி வைத்த பிறகே அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். நெம்பு மாறினால் சீரமைப்பும் மாறும். கிழிப்பதற்காகக் காகிதத்தைத் தானாக முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பின்னே இழுக்கும்போதுதான் மூன்றடுக்குக் காகிதம், துளையைப் பிடித்து நகர்த்தும் டிராக்டரில் மடிந்து சிக்கும்.

#18 நெல்மணி

நெம்பு ஒற்றைத் தாள் நிலையில் இருந்தது. மூன்றடுக்குக்கு நகர்த்தி, சீரமைப்பும் செய்துவிட்டேன். வார்ப்பையும் தொடக்கக் கட்டளைகளையும் சுத்தம் செய்து நாளை மறுநாள் இங்கே இடுகிறேன். மற்ற ஊர்ச் சங்கங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம்.